லயத்து இருட்டில் ஒரு கலர் கல்யாணம்: வேக பிலிமின் விந்தைகள் தெரியுமா?

ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வெளியிட்ட 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தை மட்டுமே நம்பி எடுத்த இரவுக் காட்சிகள் இருக்கின்றன. அதற்கு அவர் தேடிப்பிடித்த லென்ஸ், நாசாவின் நிலாப் பயணத் திட்டத்துக்காக சைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸ். மொத்தமே பத்துதான் செய்தார்கள்; அதில் மூன்று குப்ரிக்கிடம் போனது. உள்ளே ஓடிய கோடக் பிலிமின் வேகம் 100. கழுவும்போது அதை 200க்கு உயர்த்தினார்கள். இப்போது கணக்குப் பாருங்கள்! எஃப் 1.4 லென்ஸ், எஃப் 0.7 லென்ஸ் விடுகிற வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். 800 வேக பிலிமோ 200 பிலிமைவிட நான்கு மடங்கு உணர்வு கொண்டது. இரண்டும் சரிக்குச் சரி! ஆக, பசறைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குச் சாதாரண 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸும் ஒரு ரோல் 800 கலர் பிலிமும் எடுத்துப் போகிறவர், குப்ரிக் நாசா லென்ஸ் வைத்து எட்டிய அதே இருட்டைக் கழுத்தில் தொங்கும் கமராவால் எட்டிவிடுகிறார். தெரியுமா உங்களுக்கு?

ஊவாத் தோட்டங்களைவிட இந்தக் கணக்கு பயன்படுகிற இடம் வேறு எங்கே இருக்கும்! பழைய லயத்தில் ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஜன்னல் இருந்தால் ஒன்று. தகரக் கூரை தாழ இறங்கி இஸ்தோப்பையும் நிழலாக்கிவிடும். பல லயங்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தித்தான் வந்தது. அதுவரை அன்றாடத்துக்குக் குப்பி லாம்பு, நல்லது கெட்டதுக்குப் பெட்ரோமாக்ஸ். ஊவாவுக்குப் பெருமழை கொடுப்பது வடகீழ்ப் பருவக்காற்று. தை பிறந்து கல்யாணங்கள் வரிசைகட்டும்போதும் அந்த மழையின் மிச்சம் நமுனுகுலை மலையை விட்டு இறங்கியிருக்காது. பந்தலுக்கு மேலே தறப்பாள், தறப்பாளுக்கு மேலே மேகம், முகூர்த்தமோ விடிகாலை. இதற்குள்ளேதான் தாலி கட்டுகிற அந்த ஒரு நொடியைப் பிடிக்க வேண்டும்.

எவ்வளவு இருட்டு என்று எண்ணிலேயே பார்த்துவிடலாம். ஓரிரண்டு பல்பு எரிகிற வீட்டு அறையில் 100 வேக பிலிம் போட்டு, லென்ஸை எஃப் 2க்குத் திறந்தால், ஷட்டர் சுமார் 1/8 நொடி திறந்திருக்க வேண்டும். அதற்குள் மாப்பிள்ளையின் கை ஒரு முடிச்சே போட்டுவிடும். படத்தில் விரல் இருக்காது, ஒரு புகைதான் இருக்கும். 400 பிலிம் என்றால் 1/30. 800 என்றால் 1/60. கையில் பிடித்த 50 மி.மீ. லென்ஸ் நடுங்காமல் எடுக்கக்கூடிய எல்லை அந்த 1/60தான்! கல்யாண வீட்டுக்கு 800 என்று அனுபவசாலிகள் சொல்வதன் முழுக் காரணமும் இந்த ஒரு வரிக் கணக்கில் இருக்கிறது.

அந்த 800க்கு மனிதகுலம் எவ்வளவு காலம் காத்திருந்தது தெரியுமா? ஜூலியா மார்கரெட் கேமரன், உலகப் புகைப்பட வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒருவர், 1875இல் இலங்கைக்குக் குடிவந்து 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இறந்தவர். பொகவந்தலாவையில் தேயிலை மலைகளுக்கு நடுவே அடக்கம் செய்யப்பட்டவர். அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது, அதுவும் பகல் வெளிச்சத்தில், கறுப்பு வெள்ளைக்கு! 1936இல் 35 மி.மீ. கமராவுக்குக் கோடக்குரோம் வந்தபோது அதன் வேகம் சுமார் 10. நம் காம்பராவில் அதை வைத்து எடுத்தால் ஒரு நொடிக்கும் மேல் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். 1976இல் பியூஜி நிறுவனம் எஃப்-டூ 400 கொண்டுவந்தது. கலர் நெகட்டிவில் 400 தொட்ட முதல் பிலிம் உலகத்திலேயே அதுதான். அடுத்த பதினொரு வருடத்தில், 1987இல், கொனிக்கா 3200 வேகத்தில் ஒரு கலர் நெகட்டிவை விற்பனைக்கு வைத்தது. பத்திலிருந்து 3200! ஐம்பத்தொரு வருடத்தில் 320 மடங்கு!

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? பிலிமில் பூசியிருப்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புப் பளிங்குகள். ஒளி பட்டு ஒரு பளிங்கில் நான்கே நான்கு வெள்ளி அணுக்கள் சேர்ந்துவிட்டால் போதும், கழுவும் மருந்து அந்தப் பளிங்கு முழுவதையும் வெள்ளியாக்கிவிடும். நான்கு அணு வைத்த புள்ளி கோடிக்கணக்கான அணுக்களாகப் பெருகுகிறது. இயற்கையில் இப்படி ஒரு பெருக்கத்தை வேறு எங்கே காண்பது! பளிங்கு பெரிதானால் ஒளி படும் வாய்ப்பும் கூடும், வேகமும் கூடும், ஆனால் படத்தில் மணல்மணலாகத் தெரியும். இந்த முட்டுக்கட்டையை உடைத்தது 1980களின் தொடக்கத்தில் கோடக் கொண்டுவந்த தட்டைப் பளிங்கு. மழைநீர் பிடிக்கக் குடத்தைவிட அகலத் தாம்பாளம் வசதி அல்லவா, அதே தத்துவம்: அதே வெள்ளியைத் தட்டையாக விரித்தால் கூடுதல் ஒளி விழும். கோடக்கலர் விஆர் 1000 அப்படிப் பிறந்தது.

அடுத்தது இன்னும் ஆச்சரியம். கலர் நெகட்டிவைக் கழுவி முடித்த பிறகு அதில் வெள்ளியே கிடையாது! பளிங்குகள் வேலை முடிந்ததும் சாயத்தைப் பிறப்பித்துவிட்டுக் கரைந்து போகின்றன. உங்கள் அம்மாவின் கூறைச்சேலைச் சிவப்பு அந்த நெகட்டிவில் நுண்ணிய சாய மேகங்களாக மட்டுமே நிற்கிறது. இதனால் ஒரு விசித்திரமான பலன் உண்டு. கலர் நெகட்டிவுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினால் சாய மேகங்கள் ஒன்றோடொன்று படிந்து நெருங்கி, படம் மேலும் வழவழப்பாகிறது. மணல் தெரிவது வெளிச்சம் குறைந்த படத்தில்தான். இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வெளிச்சம் கூடினாலும் கலர் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். பாதியாகக் குறைந்தாலே முனகத் தொடங்கும். வேக பிலிம் வாங்குகிறவர்கள் மனதில் எழுதிவைக்க வேண்டிய முதல் விஷயம் இது. 800 என்று பெட்டியில் போட்டிருந்தால் 400 என்று மீட்டருக்குச் சொல்லி, ஒரு படி, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், தாராளமாகக் கொடுங்கள். 1600ஐ இழுத்துப் பிடித்து வெளிச்சப் பஞ்சத்தில் எடுத்த படத்தைவிட, 800ஐத் தாராளமாக எடுத்த படம் பல மடங்கு அழகு என்பது என் உறுதியான எண்ணம்.

வெளிச்சத்தின் அளவு போலவே அதன் நிறமும் பிலிமைப் பாதிக்கிறது, தெரியுமா? கண் இதைக் கவனிப்பதில்லை, மூளை சரிக்கட்டிவிடுகிறது. பிலிமுக்கு மூளை இல்லை. பகல் வெளிச்சத்துக்கென்று செய்த பிலிம் 5500 கெல்வின் நிறத்தை வெள்ளை என்று நம்புகிறது. குண்டு பல்பு எரிவது 2800 கெல்வின் பக்கம். குப்பி லாம்பு 2000ஐ ஒட்டி. அந்த மஞ்சள் ஒளியில் நீலம் மிகக் குறைவு. பிலிமிலோ நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்புக்கும் தனித்தனி அடுக்கு! சிவப்பு அடுக்கு வயிறு நிறையத் தின்ன, நீல அடுக்கு பட்டினி கிடக்கிறது. பிறகு அச்சுப் போடுகிறவர் மஞ்சளைக் குறைக்கப் பார்த்தால் நிழல்களில் அழுக்கு நீலமும் மணலும் கிளம்பி வரும். லென்ஸ் முன்னால் 80ஏ என்ற நீலக் கண்ணாடி போட்டால் நிறம் பெருமளவு சரியாகும். ஆனால் அது முக்கால் பங்கு வெளிச்சத்தை விழுங்கிவிடும், உங்கள் 800 பிலிம் 200 ஆகிவிடும்! இருட்டில் நிற்கிறவருக்கு இது கட்டுபடியாகாது. கண்ணாடியைப் பையிலேயே விட்டுவிட்டு அந்த ஒரு படி கூடுதல் வெளிச்சத்தைக் கொடுங்கள். நீல அடுக்குக்கும் சோறு கிடைத்துவிடும்.

பெட்ரோமாக்ஸ் பற்றி ஒரு விஷயம் சொன்னால் நம்பவே மாட்டீர்கள். அந்த விளக்கின் வெள்ளை வெளிச்சத்துக்குக் காரணம் அதன் பட்டுப்பை போன்ற மேன்டில். பழைய மேன்டில்களில் 99 பங்கு தோரியம் ஆக்சைட், ஒரு பங்கு சீரியம் ஆக்சைட். தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனிமம் உலகுக்குத் தெரியவந்தது எங்கிருந்து தெரியுமா? அப்புத்தளை மலைச்சரிவுக்கு அப்பால், பலாங்கொடைப் பக்கத்திலிருந்து! 1904இல் அதைக் கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஆம், சிவ நடனத்தைப் பற்றி எழுதி உலகப் புகழ்பெற்ற அதே கலை அறிஞர்தான்; அப்போது இலங்கைக் கனிம ஆய்வுப் பணியில் இருந்தார். தோரியம் கதிரியக்கம் உடையது. பழைய மேன்டில் ஒன்றை இருட்டுக்குள் பிலிம் மேல் சில நாள் வைத்தால், அதன் வலைப் பின்னல் அப்படியே பிலிமில் பதிந்துவிடும். பள்ளி ஆய்வுகூடங்களில் செய்து காட்டுகிற சோதனை இது. வேக பிலிம் வைத்திருக்கிற அலமாரியில் பழைய மேன்டில் பெட்டி இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்!

கண்ணுக்குத் தெரியாத கதிர்களையும் பிலிம் அப்படிக் குடிக்கும். 1945இல் அமெரிக்காவின் முதல் அணுகுண்டுச் சோதனைத் தூசு ஆற்றில் கலந்து, அந்த ஆற்றுத் தண்ணீரில் செய்த அட்டையில் ஏறி, அந்த அட்டையில் பொதிந்த கோடக் எக்ஸ்ரே பிலிம்களில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அப்படித்தான் குண்டு இரகசியத்தை கோடக் விஞ்ஞானிகள் மோப்பம் பிடித்தார்கள். குளிர்ப்பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் விண்கதிர்கள் உள்ளே நுழைந்து வேக பிலிமை மெல்ல மங்கலாக்கும். அதனால் 100 பிலிமைப் பழசாக வாங்கலாம், 800ஐப் புதிதாக வாங்க வேண்டும். கட்டுநாயக்காவிலோ வேறு விமான நிலையத்திலோ பிலிமைக் கையில் எடுத்துக் காட்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் எந்த வேகத்துப் பிலிமையும் கெடுத்துவிடும்.

இனி முகங்களுக்கு வருவோம். இதைச் சொல்லாமல் விட முடியாது. பல பத்தாண்டுகளாக கலர் அச்சுக்கூடங்களில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி கார்ட்' என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று உலகமே நம்பியது. கறுப்புத் தோலின் நிழலும் மினுக்கமும் வராமல் போனது யார் கண்ணையும் உறுத்தவில்லை! கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர் லோர்னா ரோத் இதை ஆராய்ந்து 2009இல் எழுதினார். கோடக்கில் வேலை செய்தவர்கள் அவரிடம் சொன்ன காரணம் நெஞ்சைக் குத்தும்: மாற்றத்தைக் கேட்டவர்கள் சாக்லேட் கம்பெனிகளும் மரத் தளபாடக் கம்பெனிகளும், தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்டார்களாம். 1980களில் கோல்ட் பிலிமை மேம்படுத்தியபோது மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் கறுப்புக் குதிரையைக்கூடப் பிடிக்கும் என்று கோடக் பெருமை பேசியது. மலையில் கொழுந்து பறித்து வெயிலில் கறுத்த முகங்கள் கல்யாண அல்பத்தில் தங்கள் நிறத்திலேயே தெரிய இந்த மாற்றமும் வேண்டியிருந்தது!

கமராவின் மீட்டரும் கறுப்புத் தோலை அறியாது. பார்க்கிற எதையும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கெடுக்கும். வெள்ளை வேட்டி, சுண்ணாம்பு அடித்த சுவர், நடுவே மாப்பிள்ளை முகம் என்றால் மீட்டர் வெள்ளையைக் கண்டு ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கும்; முகம் கரியாகும். பக்கத்தில் போய் முகத்தை மட்டும் அளந்துவிட்டுப் பின்வாங்கி எடுங்கள். இதில் ஒரு இரகசியம் ஒளிந்திருக்கிறது: கரிய தோலைச் சாம்பல் என்று நம்பி மீட்டர் ஏறக்குறைய ஒரு படி கூடுதல் வெளிச்சம் கொடுத்துவிடும். வேக பிலிம் கேட்பதும் அந்த ஒரு படியைத்தானே! அப்படி முகத்தில் அளந்தால் மீட்டரை 800இலேயே விட்டுவிடுங்கள். இரண்டு முறை கூட்ட வேண்டாம்.

"பிளாஷ் அடித்துவிட்டால் போயிற்று" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கூட்டுக் குடும்பப் படத்துக்கு அடியுங்கள், தவறில்லை. ஆனால் விடிகாலையில் திறந்த பந்தலுக்குள் பனிப்புகார் இறங்கியிருக்கும்போது பிளாஷ் அடித்தால், ஒவ்வொரு நீர்த்துளியும் ஒளியைத் திருப்பி லென்ஸுக்குள்ளே வீசும்; படம் வெள்ளைத் திரை. ஓமப் புகையிலும் அதே கதி. குத்துவிளக்கின் சுடர் காணாமல் போகும், பின்னால் நிற்கும் பாட்டி கறுப்புக்குள் மூழ்குவார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து தமிழ்த் திரையில் இயற்கை ஒளிக்கே தன் பெயரை எழுதிக்கொண்ட பாலு மகேந்திரா, 'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த 1978இல் சினிமா கலர் நெகட்டிவின் வேகம் 100 அளவில்தான் இருந்தது! இருக்கிற வெளிச்சத்தை மதித்த ஒருவர் 100ஐ வைத்தே என்னவெல்லாம் செய்தார்! நம் கையில் 800 இருக்கிறது.

காம்பராவுக்குள் நின்று எடுக்க 35 மி.மீ. லென்ஸ் நல்லது, பன்னிரண்டு அடிக்குள் பின்வாங்க இடம் ஏது? பல்பு இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்பதால், பல்பை மணவறைப் பக்கம் ஒரு முழம் நகர்த்தித் தொங்கவிடச் சொல்வது ஒரு ரோல் விலைக்குச் சமம். 50 மி.மீ. லென்ஸ் என்றால் எஃப் 1.4இல் ஒன்றரை மீற்றர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏழெட்டு சென்ரிமீற்றர்தான். கண்ணில் குவியுங்கள், காது கலங்கினால் கலங்கட்டும். டியூப் லைட் என்றால் 1/60க்கு மேல் வேகம் வேண்டாம்: நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு நூறு தடவை துடிக்கிறது, வேக ஷட்டர் அந்தத் துடிப்பின் இருட்டுப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அதன் ஒளியில் கண் காணாத பச்சையும் இருக்கிறது. 1989இல் பியூஜி ரியாலா பிலிமில் நான்காவது ஒரு உணர்வு அடுக்கைச் சேர்த்தது இந்த மாதிரிப் பச்சையை அடக்கவும் உதவியது. நீலத் தறப்பாள் இன்னொரு வில்லங்கம்: பகலில் எல்லா முகமும் நீலமாகும். முழுப் படமும் ஒரே நிறத்தில் நீலமென்றால் அச்சில் சரிசெய்யலாம். ஒரு பக்கம் தறப்பாள் நீலம், மறு பக்கம் பல்பு மஞ்சள் என்று வந்தால் யாராலும் முடியாது. ஒன்றை அணையுங்கள், அல்லது மறைத்துக் கட்டுங்கள்.

எதைத்தான் வாங்குவது? கொனிக்கா 3200 போய்விட்டது, பியூஜியின் 1600களும் போய்விட்டன. இன்று கைக்கு எட்டுகிறவற்றில் என் முதல் தேர்வு கோடக் போர்ட்ரா 800. 1998இல் போர்ட்ரா வரிசை வந்ததே முகங்களுக்காக. தங்கநகையும் கூறைச் சிவப்பும் பழுப்புத் தோலும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் நிற்கும். விலை கனம் என்றால் போர்ட்ரா 400ஐ வாங்கிக் கழுவும்போது ஒரு படி உயர்த்தச் சொல்லலாம். நிழல் கொஞ்சம் இறுகும், முகம் பிழைக்கும். முழுக்க மஞ்சள் பல்பும் விளக்குமாக இருக்கிற இரவு வரவேற்பு என்றால் சினிஸ்டில் 800டி. அது சினிமாவுக்கான கோடக் விஷன்3 500டி பிலிமின் முதுகிலிருந்த கறுப்புப் பூச்சை நீக்கிச் செய்தது. 3200 கெல்வின் ஒளியை வெள்ளையாகவே பார்க்கும். அந்தப் பூச்சு போனதால் ஒளி பின்சுவரில் மோதித் திரும்பி, மாலைமாலையாகத் தொங்கும் ஒவ்வொரு அலங்கார பல்பைச் சுற்றியும் சிவப்பு வளையம் விழும்! விரும்புகிறவர்களுக்கு அது வரம். தாலி கட்டும் படத்துக்கு வேண்டாம் என்பேன்.

வாங்கிய பிலிமைக் குளிரில் வையுங்கள். எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிலிம் மேலேயே வியர்க்கும். பிலிமுக்கும் குளிர்மலைக்கும் உள்ள உறவு பழையது: இந்திய அரசு 1960இல் பிலிம் தொழிற்சாலை தொடங்க ஊட்டியைத் தேர்ந்தது அந்தக் குளிர்ந்த, தூசியற்ற காற்றுக்காக. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மலைகளை விட்டுப் போன எத்தனையோ குடும்பங்கள் குடியேறிய தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களும் அதே நீலகிரியில்தான்!

அப்படிப் போனவர்கள் பெட்டியிலும், இங்கே இருந்தவர்கள் அலமாரியிலும் ஆரஞ்சு நிற நெகட்டிவ் துண்டுகள் இன்னும் கிடக்கும். ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, துளைகளை ஒட்டிய விளிம்பைப் பாருங்கள். பிலிமின் பெயரும் பெரும்பாலும் அதன் வேக எண்ணும் சின்ன எழுத்தில் தெரியும்: உங்கள் பெற்றோர் கல்யாணம் எந்த பிலிமில் பதிந்தது என்பதற்கான சாட்சி! அந்த எழுத்தை அச்சடிப்பது மையால் அல்ல, தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்து விடுகிறார்கள். படத்தோடு சேர்ந்து கழுவும்போதுதான் வெளிப்படும். ஸ்டூடியோக்காரருக்கும் கல்யாண வீட்டுக்கும் வருகிற சண்டையில் இதுவே நடுவர்: விளிம்பு எழுத்து தெளிவாக இருந்து படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் கழுவியவர் மேல் பிழையில்லை, பெரும்பாலும் கமராவுக்குள் ரோல் சுற்றவே இல்லை; எழுத்தும் சேர்ந்து மங்கியிருந்தால் மருந்தைத்தான் விசாரிக்க வேண்டும்.